ஆடியில் எடுத்த படம்

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் ஆற்றங்கரையில் கூடிய கூட்டத்தைப் பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தாள் அலீனா. பாறை மறைவிலிருந்து ஒரு ஜோடி வந்தது.

“எங்களை ஒண்ணு எடுங்கக்கா. போன்ல உடனே வந்துடாதில்லீங்க?” என்றான் அவன்.

“ஃபிலிமுங்க. கழுவிப் பிரிண்ட் போட ஆவணி ஆயிடும்.”

“அதுதாங்க்கா வேணும்!” என்று ஜோடியாக வந்தவள் அவனை ஒட்டி நின்றாள்.

படம் எடுத்ததும் அவன், “ஐயோ, எங்கம்மா!” என்று கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டான்.

அந்த அம்மாள் நேராக அந்தப் பெண்ணிடம் வந்தாள். “ஆடி முடியறவரைக்கும் புருஷன்கூடச் சேரக் கூடாதுன்னுதான உன்ன உங்காத்தா வூட்டுக்கு அனுப்பி வெச்சோம்? இப்ப ஓடுனது எம்மவன்தான?”

மருமகளின் பார்வை கேமராவின் மேல் போயிற்று.

அம்மாள் அலீனா பக்கம் திரும்பினாள். “நீ எடுத்த போட்டோவக் காட்டும்மா, பாத்துடலாம்.”

“ஆவணியில வாங்கம்மா, பிரேம் போட்டே தர்றேன்.”