இருபதாவது ஆள்

தனுஷன் தான் பிறந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, வெளியாள் மாதிரி மழையில் நின்றான்.

"யாருங்க?"

"பல்கலைக்கழகத்துல இருந்து வர்றேன். சில கேள்வி கேக்கணும்."

"எந்த வீட்டுப் புள்ள நீங்க?"

"அம்மா, நனையிறேன்."

"உள்ள விடுறதுக்கு முந்தி கேக்கணும்ல," என்றபடி நாகலெட்சுமி கதவைத் திறந்தாள். அதற்குள் சேலை மாற்றியிருந்தாள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை.

எல்லா நேர்காணலும் ஒரே மாதிரித்தான் தொடங்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதி வைத்தது அவன்தான். வேறு யாரைத் திட்டுவது?

அந்த விண்ணப்பம் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் தனியாக வாழும் முதியவர்களின் தனிமையும் அவர்களது இரத்த அழுத்தமும். இதுதான் ஆய்வு. பெலோஷிப் கிடைத்தால் மூன்று வருடம் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் ஹட்டனில் மாமாவின் பார்மசியில் மாத்திரை அட்டை வெட்டும் வேலை. தனுஷனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தார்கள். தனுஷனும் அவர்களில் ஒருவன்.

முன்னோட்டமாக இருபது பேரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர் மேடம். இந்த வாரம் ஊருக்கு வந்து பத்தொன்பது பேரைக் கேட்டும் ஆயிற்று. அங்கேதான் சிக்கல்.

யாருக்கும் தனிமை இல்லை.

பிள்ளைகள் கொழும்பில், டுபாயில். ஆனால் தினமும் போன் எடுத்துப் பேசுகிறார்களாம். ஒருவர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள். அவன் கணக்குப்படி இந்தத் தீவிலேயே சந்தோஷமான வயசாளிகள் அக்கரப்பத்தனைப் பக்கம், ஒற்றை அறைக் காம்பராக்களில் பாதியில் பூட்டுத் தொங்கும் இந்த லயத்து வரிசையில்தான் இருந்தார்கள்.

"இல்லாத நோயை ஆராய யார் தம்பி காசு தருவாங்க?" என்று கேட்டார் மேடம். நியாயம்தான்.

ஊரார் பிள்ளைகள் எல்லாம் இவ்வளவு ஒழுங்கா என்று அவனுக்கு உள்ளூர வெட்கமாகவும் இருந்தது.

இருபதாவதாக வைத்திருந்த செல்லசாமி தாத்தா காலையிலேயே கிளினிக்குக்கு பஸ் ஏறிவிட்டார். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், இனி யார் மிச்சம் என்று யோசித்துக்கொண்டே லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தான். தன் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அம்மாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன.

சொந்தக்காரரைக் கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்டதும் அவன்தான்.

"உக்காருங்க சேர்." அதிகாரியை வரவேற்கிற மரியாதையோடு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். முந்தின நாள் முழுக்க அதில் அவனுடைய ஈரத்துண்டு கிடந்தது.

"வீட்டில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?"

"பூனை."

"பூனைக்கு இதுல இடமில்லம்மா."

"அப்ப யாருமில்ல சேர்."

"போன வாரத்தில் தனிமையாக உணர்ந்தீர்களா?"

"சேச்சே. முந்தியெல்லாம் ரேடியோ போட்டா பக்கத்துக் காம்பராவுல சத்தத்தக் கொறைக்கச் சொல்லுவாங்க. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நிம்மதி."

'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டான்.

"பிரஷர் மாத்திரை?"

"ஒரு நாள் விடாமப் போடுறேன்."

அடுப்புக்கு மேலே, பலகையில், மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கேட்பவர் குறுக்கிடக் கூடாது. அதுவும் அவன் போட்ட விதி. எழுதினான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். பூனை எழுந்து வெளியே போயிற்று.

அடுத்த கேள்வியை அவன் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் சிரித்த வேகத்தில் வாசித்துவிட்டான்.

"உங்கள் பிள்ளைகள் எத்தனை நாளைக்கு ஒருமுறை உங்களோடு பேசுவார்கள்? தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, அதைவிடக் குறைவு."

அவன் கடைசியாக அவளுக்குப் போன் எடுத்தது தைப்பொங்கலுக்கு. வெளியே இப்போது ஆனி மாத மழை.

சரி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று தயாரானான். அதற்குத் தோதாக ஓர் அசட்டுச் சிரிப்பையும் முகத்தில் எடுத்து வைத்துக்கொண்டான்.

அம்மா சிரிக்கவில்லை.

சேலையை இழுத்துச் சரிசெய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவனைப் பார்க்காமல் அவன் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள். இந்தக் கேள்வி வரும்போது அந்தப் பத்தொன்பது பேரும் அப்படித்தான் கதவைப் பார்த்தார்கள்.

"தினமும் பேசுவான் சேர்."

தகரத்தில் மழை கொட்டியது. தனுஷனின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

"எழுதிக்குங்க," என்றாள், எதிரில் இருப்பவருக்குத் தன் மகனைத் தெரியாது என்பதைப் போல. "என்ன வேல இருந்தாலும் பேசிருவான். தங்கமான புள்ள."