தகரத்தில் காய்ந்த பெட்டரி

“திருகிப் பாருங்கண்ணே, ஒரு கொரகொர சத்தங்கூட இல்ல.”

தோட்ட லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சிவகாமியின் ரேடியோவை இக்னேசியஸ் மூன்றாம் நாளாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சிசிலி வாசலிலேயே நின்றாள். பாட்டுக் கேட்க அரைமணி நேரம் வந்துபோன மனுஷன், ரேடியோ பேசாமல் போனதிலிருந்து பொழுதெல்லாம் இங்கேயே கிடக்கிறான். சீனிக்குப் பஞ்சமான இந்த நேரத்தில் அவன் தேத்தண்ணிக்கு மட்டும் சிவகாமியிடம் சீனி இருக்கிறது. சிசிலிக்கு வயிறு எரிந்தது.

“அடுத்தவங்க பெட்டரியோட கலந்துராம நீ வைப்பியே குங்குமப் பொட்டு, அதக் காணோமே தங்கச்சி?”

“பெட்டரிக்கு உசுர் ஏறட்டும்னு கூரைத் தகரத்து மேல வெயில்ல காய வச்சிருந்தேன், மழை வந்துருச்சு. சிசிலி அக்காதான் ஓடிப்போய் எடுத்துத் தந்தாங்க. பொட்டு அழிஞ்சிருக்கும்.”

“அப்ப பெட்டரிதான் செத்திருக்கணும். சிசிலி, நம்ம டோர்ச் லைட்ட கொண்டா. அதுல உள்ளதப் போட்டுப் பார்ப்போம்.”

சிசிலி அசையவில்லை. ரேடியோ நின்றால் அவன் இங்கே வருவதும் நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டு டோர்ச்சுக்குள் இரண்டு குங்குமப் பொட்டுகள் அழியாமல் இருந்தன.

“என்ன மரம் மாதிரி நிக்கிற? ஓடிப்போய்க் கொண்டா, புள்ள.”