நெஞ்சுக்கு ஏறிய வலி

பாலக்காட்டு ஆசுபத்திரி அறையில் படுத்து, "ஐயோ, நெஞ்சு..." என்று முனகினேன்.

"ஏனுங்க, நேத்து வயிறுன்னு சொன்னீங்க?" கஞ்சியை ஆற்றியபடி கேட்டாள் என் மனைவி மயிலாத்தாள்.

"மேல ஏறிருச்சு புள்ள."

"கோவமும் உங்களுக்கு இப்படித்தான் ஏறும். வாயத் தொறங்க."

அப்போது வந்த டாக்டர், கையைப் பிடித்து நாடி பார்த்தார். மயிலாத்தாளின் கையை.

ஆபரேஷன் அவளுக்குத்தான். வலியும் பயமுமாய், புண் ஆறிய பிறகும் சாப்பிடாமல், பேசாமல், சுவரையே பார்த்துக் கிடந்தாள். துணைக்கு வந்தவருக்கான கட்டிலில் வயிற்றுவலி என்று நான் பொய்யாகச் சுருண்ட பிறகுதான், என்னைக் கவனிக்க எழுந்தாள்.

"இனி வீட்டுக்குப் போகலாம் அம்மா" என்றார் டாக்டர்.

நெஞ்சை மறந்து துள்ளி எழுந்தேன். என் நடிப்பின் லட்சணம் அது.

மயிலாத்தாள் சிரித்தாள். "முள்ளு குத்துனாலே ஊரைக் கூட்டற ஆளு நீங்க. நெசமா நெஞ்சு வலிச்சா இத்தன மெதுவாவா முனகுவீங்க?"