கூடையில் போன எட்டுச் செடி

"ஏங்க, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா? எட்டு வீட்டுக்கு நான் ஆசை ஆசையாக் கொடுத்த செடியை, எட்டு வீட்டுலயும் ஏறி இறங்கி வாங்கிட்டுப் போயிருக்கா!"

"யாரு?" என்றார் கணவர், ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே.

"வேற யாரு? உங்க தம்பி பெண்டாட்டிதான். நேத்து சாயங்காலம் கூடை நிறைய அள்ளிட்டுப் போனதைப் பால்காரர் கண்ணால பார்த்திருக்கார்."

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் பிளாக்பெர்ரித் தோட்டம் உண்டு. பழம் ஜாம் கம்பெனிக்குப் போகும். ஓரகத்திகள் இருவரின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். மூத்தவளுக்குத் தாராளக் கை. இளையவள் எந்நேரமும் இடுப்பில் கவாத்துக் கத்திரியோடு திரிவாள். யார் கேட்டாலும் ஒரு கொம்பு கொடுக்க மாட்டாள். தெருவில் அவளுக்குக் 'கத்திரிக்கோல்' என்றே பெயர். வைத்தவள் மூத்தவள்தான்.

"போன வாரமே வந்து, நான் இந்தச் செடியெல்லாம் எடுத்த புதரைக் காட்டி, 'அக்கா, இந்தப் புதர் பார்க்கவே சரியில்லை, பிடுங்கிடுங்க'ன்னா. போன வருஷம் நாலு கொம்பு விட்ட வேர், இந்த வருஷம் நாப்பது விட்டிருக்கு. வயித்தெரிச்சல், வேற என்ன?"

"பழம் எத்தனை விட்டிருக்கு?"

"பழத்துக்கு என்னங்க அவசரம்? பூவே இலை மாதிரி பச்சையா, நீளமாப் பூக்குது. இப்படி ஒரு ரகம் இந்தத் தெருவுல யார்கிட்ட இருக்கு?"

"ஒரு பழமும் இல்லைன்னு சுருக்கமாச் சொல்லேன்."

அவரை ஒரு முறை முறைத்துவிட்டு வேலிக்குப் போனாள். அந்தப் பக்கம் இளையவள் பழைய தகர டிரம்மிலிருந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி என் செடி எட்டும்?"

"எரிச்சுட்டேன்கா."

மூத்தவள் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எரிச்சியா? உனக்குத்தான் கொடுக்க மனசு வராது. அடுத்தவ கொடுத்தாக்கூடப் பொறுக்காதா?"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இன்னைக்குத் தோட்டக்கலை ஆபீசர் வர்றார் இல்ல? தெருவே நிக்கும்போது அவர்கிட்டயே கேட்கறேன்."

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். பழம் பறிப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் வந்து தோட்டம் தோட்டமாகப் பார்ப்பார். பின்னாலேயே தெருப் பெண்கள், கழுத்தில் அளவு டேப்போடு டெய்லரம்மா.

"சார், எனக்கு ஒரு பிராது இருக்கு. அதுக்கு முன்னால இந்தப் புதரைப் பாருங்க. இந்த வருஷம் என்ன செழிப்பு!"

ஆபீசர் மண்டியிட்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை ஒரு பூவின் மேல் பிடித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"செழிப்பு இல்லைம்மா. சீக்கு. ஃபைட்டோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. துடைப்பம் மாதிரி கொம்பா விட்டுக்கிட்டே இருக்கும், காய்க்காது. மருந்தும் கிடையாது. வேரோட தோண்டி எரிச்சுடணும்."

"பேரு என் வாயிலயே நுழையலையே சார், செடிக்குள்ள எப்படி நுழைஞ்சது?" என்றார், வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட கணவர்.

"தத்துப்பூச்சி இதுல சாறு குடிச்சுட்டு அடுத்த புதருக்குத் தாவும். அதோட வரும். ஆனா பூச்சியைவிட வேகமாப் பரப்பறது நாமதான், பதியன் போட்டுக் கொடுத்து." அவர் நோட்டைத் திறந்தார். "இதுலேர்ந்து யாருக்காவது செடி கொடுத்தீங்களா? கொடுத்திருந்தா அந்தத் தோட்டத்தையும் தோண்ட வேண்டி வரலாம்."

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் எதிரே நின்றார்கள். எட்டுப் பேருக்கும் வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போதைக்குத் தப்பிக்கலாம்.

"எட்டு வீட்டுக்கும் கொடுத்தேன் சார்" என்றாள். "நானே என் கையால கொண்டு போய்க் கொடுத்தேன்."

ஆபீசர் நோட்டைப் புரட்டினார்.

"அந்த எட்டு வீட்டையும் பார்த்துட்டுத்தான் இங்க வர்றேன். வீட்டுக்கு ஒரு புதுச் செடி இருக்கு. எல்லாம் முதல் தரம், ஒரு குறை சொல்ல முடியாது. யார் கொடுத்ததுன்னு கேட்டா எல்லாரும் உங்களைத்தான் கை காட்டினாங்க."

"அது எப்படி சார்? நான் கொடுத்ததைத்தான் இவ..."

"என்னக்கா, மறந்துட்டீங்களா?" என்றாள் டெய்லரம்மா. "நேத்து நீங்கதானே மாத்திக் கொடுக்கச் சொல்லி அனுப்பினீங்க? 'அக்கா அவசரத்துல செடி மாத்திக் கொடுத்துட்டாங்க, மனசு கேட்காம நல்லதாப் பார்த்து இதை அனுப்பியிருக்காங்க'ன்னு உங்க ஓரகத்தி சொன்னாளே!"

மூத்தவள் வேலிக்கு அப்பால் பார்த்தாள். இளையவள் யார் கேட்டாலும் கொடுக்காமல், வருஷம் முழுக்கப் பொத்திப் பொத்தி வளர்த்த செடிப் பைகள் வரிசையாக இருந்த நிழலில், ஈர மண்ணில் எட்டு வட்டத் தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒன்பதாவது பை ஒன்று, இந்தப் பக்கம் வரத் தயாராக, வேலியை ஒட்டி நின்றது. இளையவள் ஏற்கெனவே வெட்டி முடித்த கொம்பை மறுபடி மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதோ பிராதுன்னீங்களேம்மா?" என்றார் ஆபீசர்.

மூத்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். இவளுக்குக் கத்திரிக்கோல்னு பேர் வச்சா பாருங்க ஒருத்தி, அவளை நீங்க நல்லாக் கண்டிச்சுட்டுப் போகணும்."