தகுதி மதிப்பெண்

காலை ஒன்பது இருபத்தைந்துக்கு நான் ஃபெயில் ஆனேன்.

பாடம், துக்கம். எனக்கு நன்றாக வரும் ஒரே பாடம்.

“இந்த மார்க்குக்கு உன்னைச் சேர்க்க முடியாதும்மா” என்றார் ஓடெட். வின்னிபெக் ஆஸ்பத்திரியில் புதிய மருந்தைச் சோதிக்கிற இடத்தில் கேள்வி கேட்பது அவர் வேலை. “குறைஞ்சது நாப்பது வேணும். நீ இருபத்திமூணு.”

சாக விரும்பும் பிள்ளைகளுக்கான மருந்து அது. மூக்கில் அடித்துக்கொள்ள வேண்டும். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது முடியும்வரை யாருக்கும் தெரியாது.

உப்புத் தண்ணீருக்குக்கூட நான் தேறவில்லை.

நான் உள்ளே வரும்போது வெளியே பச்சை முடிக்காரி ஒருத்தி தன் முறைக்காகக் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே அறுபது வாங்குவாள் என்று தெரிந்தது. பொறாமையாக இருந்தது.

எங்கள் ஊர் டாஃபின். டாக்டர் மூன்று மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டார். ஒன்று என்னைக் குண்டாக்கியது. ஒன்று வகுப்பில் தூங்க வைத்தது. மூன்றாவதுக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியவில்லை. இந்தச் சோதனையிலும் சேர முடியாவிட்டால் அடுத்தது என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பதில் தெரியும்.

அதனால்தான் வந்தேன். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன வாரம் எப்படித் தூங்கினாய் என்று ஓடெட் தாளைப் பார்த்துப் படித்தார்.

வாய் தானாகத் திறந்தது. “பிப்ரவரி மாசத்துப் பனியில தூங்குற கரடி மாதிரி.”

அடுத்தது பசி. “அப்பா சமையல். பசி இல்லாதது வியாதி இல்லீங்க, புத்திசாலித்தனம்.”

கேள்வியில் ஒரு சொல்லையும் அவர் மாற்றக் கூடாது. தலையாட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. நிஜத்தைச் சொல் என்று தூண்டக் கூடாது. எல்லாம் விதி. ஆனால் அவருடைய மூக்கு லேசாக விரிந்தது.

அதைப் பார்த்தபின் என்னை நிறுத்த முடியவில்லை.

வாழ வேண்டாம் என்று தோன்றியதா என்ற கேள்வி கடைசிக்கு முந்தியது.

“கணக்கு வகுப்புல மட்டும்.”

இப்படி ஜோக் அடிப்பது இரண்டு வருடப் பழக்கம். அப்போது ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போன அப்பா மூன்று வாரம் பேசவில்லை. அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். பஸ்ஸை ஓட்டினார், வந்தார், கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது வாரம் நான் எதையோ சொல்லப்போய் அவர் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. நான் ஜோக் சொல்வேன். அவர் சிரிப்பார். பெண் தேறிவிட்டாள் என்று நம்புவார்.

இன்றும் விடியுமுன் கிளம்பினோம். நான்கு மணி நேரம், வழியெல்லாம் பனி. நாங்கள் தாண்டிய ஒவ்வொரு ஊரையும் கிண்டல் செய்தேன். வண்டி குலுங்கும்படி சிரித்தார். எளிதில் ஏமாறுகிற மனிதர்.

“அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்று எழுந்தேன். “உங்க பொண்ணு அளவுக்கு மீறி சந்தோஷமா இருக்கா, எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்கன்னு.”

“உக்காரு. இன்னும் முடியல.”

ஓடெட் ஓர் உறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். பக்கத்து அறையில் வேறொருவர் அப்பாவிடம் என்னைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பெற்றவரையும் தனியே கேட்க வேண்டுமாம். அதுவும் விதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு என்ன தெரியும்? பூஜ்யம் போட்டிருப்பார்.

இரண்டு தாள்களையும் ஓடெட் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பாவம், அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக எத்தனையோ ஆலோசகர்களின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவள் நான். தலைகீழ் எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பேன்.

அப்பாவின் தாளில் வட்டத்துக்குள் அறுபத்தொன்று.

பச்சை முடிக்காரியுடையதாகத்தான் இருக்க வேண்டும், தாள் மாறிவிட்டது என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். ஒக்சானா ஹிரின்சுக். நான்தான்.

கடைசியில் பெற்றவருக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. பிள்ளை மிக மோசமாக இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

ஜோக் சொல்லுவா. ரொம்ப மோசமான நாள்ல நிறுத்தவே மாட்டா. இன்னிக்குக் காலையில நாலு மணி நேரம் நிறுத்தல. நான் சிரிச்சுக்கிட்டே ஓட்டினேன். நான் சிரிக்கலைன்னா அவ பயந்துடுவா.

இன்னொரு முறை படித்தேன். இப்போது எழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன.

சொல்ல ஒன்று இருந்தது. நல்ல ஜோக். வாய் வரை வந்தது.

ஓடெட் புதிய தாள் ஒன்றை எடுத்துத் தேதி எழுதினார். இரண்டு பேரின் பதில்களும் இவ்வளவு தூரம் விலகியிருந்தால் பிள்ளையிடம் மறுபடி கேட்கலாமாம். ஒரே ஒரு முறை. பிள்ளை சம்மதித்தால் பெற்றவரும் கூட இருக்கலாம்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்பாவை உள்ள கூப்பிடட்டுமா?”