பதினான்காம் வாரத்து டயர்

அன்று காலை காரைக் கழுவியபோது, டயரில் இன்னும் உதிராமல் இருந்த ரப்பர் முடிகளை என் கணவர் மரியதாஸ் தடவிக் காட்டினார். "பாரு எஸ்தர், புதுசு மாதிரியே இருக்கு."

மதியம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நான்தான் ஓட்டினேன்.

"டயர் 2041-ஆம் ஆண்டு பதினான்காம் வாரம் செய்தது. பத்து வயது முடிந்துவிட்டது. இனி முப்பது கிலோமீட்டர் வேகம்தான்" என்றது கார்.

"வீட்டுலயே நின்ன வண்டி. நீ எறங்கித் தொட்டுப் பாரு" என்று அவர் அதனுடன் வாதாடினார். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். பாதி வழியில் அவர் பேச்சு நின்றுவிட்டது; போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

"நின்னாலும் ரப்பருக்கு வயசாகும்க்கா" என்றார், பிறகு வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் இருதயம். அதே டயரில், இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று 'எச்' எழுத்தும் போட்டிருக்கிறது. எதை நம்பியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்று தடவிப் பார்த்தேன். ஒரு முடிகூட உதிரவில்லை.