புளிச்சக்கீரையின் ஆட்சேபணை

மூன்றாவது ஆளும் “ஆதரவு” என்று எழுதிவிட்டதைப் பார்த்ததும் கனகவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள்.

“எதிர்க்கிறேன்” என்று தட்டினாள்.

குகட்பள்ளியிலிருந்து எட்வின் வைத்த தீர்மானம் அது. போன மாசியில் இறந்துபோன இளங்கோவன் எழுதிய மின்சாரப் பாடங்களை, அவர் நினைவாக, அப்படியே பூட்டிவிடலாம். இனி யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

கூட்டுப்பாடம் ஒரு தமிழ்த் தளம். யார் வேண்டுமானாலும் பாடம் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எதுவானாலும் பேச்சுப் பக்கத்தில் வைத்துப் பேசித்தான் முடிவு செய்வார்கள். காரணம் சொல்லி ஒரே ஒருவர் எதிர்த்தாலும் தீர்மானம் நின்றுபோகும். பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வைத்துக்கொண்ட பெயர்தான் முகம்.

அங்கே கனகவல்லியின் பெயர் புளிச்சக்கீரை.

“வந்துட்டாங்கப்பா, பேருக்கேத்த புளிப்பு,” என்று எழுதினாள் ஷோபா. “சார் இருந்தப்பவும் விடலை. போனப்புறமாவது விடக்கூடாதா?”

அதில் பொய்யில்லை. இளங்கோவனும் அவளும் அந்தப் பக்கத்தில் மோதாத நாள் குறைவு. அவர் ‘மதிப்பிற்குரிய பயனருக்கு’ என்று ஆரம்பிப்பார். அவள் ஆரம்பமே இல்லாமல் பாய்வாள். காலையில் மூண்ட சண்டை எப்படியோ சாப்பாட்டு வேளையில் தணிந்துவிடும். பசி வந்தால் சார் சமாதானமாகிவிடுவார் என்று தளத்தில் கேலி பேசுவார்கள்.

“பூட்டினால் புது ஆள் எப்படி உள்ளே வருவார்?” என்று அவள் எழுதினாள். “ஒவ்வொரு பாடத்திலும் அவர் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டுவைத்திருக்கிறார். படிக்கிறவர் கண்டுபிடித்துத் திருத்தட்டும் என்று.”



“மின்சாரப் பாடத்துல தப்பா? யாருக்காவது ஷாக் அடிச்சா?” என்றான் எட்வின்.

“ஷாக் அடிக்கிற இடத்தில் விடமாட்டார். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் பத்து யூனிட் என்று எழுதுவார். உண்மையில் ஒன்றுதான். பில் கட்டுகிறவருக்கு வயிறு எரியும். எரிந்தால் கை சும்மா இருக்காது.”

அவளே அந்தப் பத்து யூனிட்டில் வயிறெரிந்து உள்ளே வந்தவள்தான்.

காஞ்சன்பாக்கிலிருந்து இர்பான் குதித்தான். “ஹவ், ஆமா! ஃபேன் படத்துல ரெகுலேட்டர்னு இருக்க வேண்டிய இடத்துல ஸ்டார்ட்டர்னு இருந்துச்சு, மாத்தினேன். ‘உங்கள் கழுகுக் கண்ணுக்கு நன்றி’ன்னு எழுதினார். அன்னிக்குப் பூரா வீட்ல எல்லாருக்கும் காட்டினேன். அப்ப நான் கழுகு இல்லையா? தூண்டில்ல மாட்டின மீனா?”

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. தீர்மானம் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் எட்வின். “எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே.”

கனகவல்லி எதையோ தட்டி, உடனே அழித்தாள்.

“சண்டை போடுகிறவர்களுக்குத்தான் தெரியும்” என்று எழுதினாள்.

ஷோபா மட்டும் இறங்கி வரவில்லை. “எனக்கு அவர் எழுதினது அப்படியே இருக்கணும். ஆளாளுக்கு ஒரு வரியை மாத்திக்கிட்டே போனா, கடைசியில அதுல அவர் எங்க இருப்பார்?”

அதே கேள்வியைக் கனகவல்லியும் தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

“சரி, அவர் வீட்டம்மாவையே கேட்டுடுவோம்,” என்றான் எட்வின். “சார் நம்பருக்குப் போட்டா அவங்க எடுப்பாங்க. அவங்க சொல்றதுதான் முடிவு. புளிச்சக்கீரை, சம்மதமா?”

“சம்மதம்.”

மேசையின் மறுகோடியில், சார்ஜரில் கிடந்த இளங்கோவனின் போன் அடித்தது.

எட்வினுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல அவள் லேப்டாப்பின் மூடியைப் பாதி தாழ்த்திவிட்டு அதை எடுத்தாள்.

“அம்மா, நான் எட்வின். சார் பாடத்தையெல்லாம் அவர் நினைவா பூட்டி வெச்சிடலாமான்னு கேக்கத்தான்... ஒரே ஒரு ஆள் மட்டும் பிடிவாதமா நிக்கறாங்க, சார்கிட்ட எப்பவும் மல்லுக்கு நின்னவங்க. நீங்க சரின்னு சொன்னா முடிஞ்சிடும்.”

“பூட்ட வேணாம் தம்பி. அந்தப் பாடத்துல யாராவது கைவெச்சா இந்த போன்ல ஒரு சத்தம் வரும். இந்த வீட்ல இப்ப அவரைக் கூப்பிடறது அது ஒண்ணுதான்.”

எட்வின் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் மூடியை நிமிர்த்தியபோது பக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

“சார் வீட்டம்மாவும் வேண்டாம்கிறாங்க. தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கறேன். புளிச்சக்கீரை, இனிமேலாவது சார்கிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்குங்க.”

கனகவல்லிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.